கட்டட விபத்தும் வழக்குச் செலவும்

கண்டி மாநகர் மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம் போன்றது. கிண்ணத்தின் அடியிலே இடம் நிரம்பிவிட்டமையால் மக்கள் அதன் விளிம்பை நோக்கி ஏறலாயினர். அம்பிட்டிய, ஹந்தானை, கட்டுகஸ்தோட்டை, பேராதனை என எத்திசை நோக்கினும், சரிவை வெட்டிச் சமனாக்கி எழுப்பிய மாடிக் கட்டடங்களைக் காண்கின்றோம். சமதரையிலே வீடு கட்டுவோன் அத்திவாரத்தோடு வேலையைத் தொடங்குகின்றான். மலைநாட்டில் வீடு கட்டுவோன் மண்ணை வெட்டுவதோடு தொடங்குகின்றான். வெட்டிய மண்மேட்டின் அடியிலே சுவர் எழுப்ப இறங்கிய தொழிலாளர், மழையில் ஊறிய மண் சரிந்து புதையுண்டு மாண்டனர் என்னுஞ் செய்தியைப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கின்றோம். சாரத்தினின்று தவறி வீழ்ந்து மடிவோரும் உளர். செய்தி ஒருநாளோடு முடிந்துவிடுகின்றது. இறந்தோன் குடும்பத்தின் கதையோ அன்றுதான் தொடங்குகின்றது.

அக்குடும்பத்துக்குச் சட்டம் வழங்கும் உரிமைகள் யாவை? அவ்வுரிமைகளை நிலைநாட்டுதற்கு வேண்டும் பொருள் எங்கிருந்து வரும்? வழக்குக்கெனப் பிறர் கொடுக்கும் பணம் குடும்பத்தைக் காக்குமா, விழுங்குமா? இவ்வினாக்களை ஒருவாறு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சட்டம் என் தொழிலன்று. எனினும் இப்பொருளை யான் கற்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு; அதனை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பத்தாம் வகுப்பிற் கற்ற மாணவன் ஒருவனின் தந்தை மண்மேடு சரிந்து இறந்தார். தோட்டத்து வேலையை விட்டு, ஒரு கொந்தராத்துக்காரரிடம் கட்டட வேலைக்கு வந்தவர் அவர். அந்தியேட்டி முடியுமுன்னரே கொந்தராத்துக்காரரின் ஆள் ஒருவர் ஐம்பதினாயிரம் ரூபாவும் ஒரு கடதாசியும் கொண்டுவந்தார். இத்தொகையைப் பெற்றபின் இனி எவ்வித உரிமையுங் கோரமாட்டோம் என்பது அக்கடதாசியின் சாரம். தாய்க்கு எழுத்து வாசனை இல்லை. மாணவன் என்னை அழைத்தான். யான் அதனை வாசித்தேன், பொருளையும் விளக்கினேன், ஈமச் செலவுக் கடன் வாசலில் நிற்கும் வீட்டில் வேறு வழி யாதுளது என்றெண்ணி, சாட்சியாகக் கையொப்பமும் இட்டேன். அக்கடதாசி சட்டத்தின்முன் எவ்வளவு பெறுமதியற்றது என்பதை அறிந்தபோது மூன்று ஆண்டுகள் கடந்துவிட்டன. பட்டம் பெற்ற ஓர் ஆசிரியனின் அறியாமைக்கு ஒரு விதவை விலை கொடுத்தாள். அவ்வறியாமை பிறர்க்கு நேராதிருத்தல் வேண்டும் என்பதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

இனி உரிமைகளை நோக்குவாம். விபத்துக்குள்ளான தொழிலாளிக்கும் அவனைச் சார்ந்தோருக்கும் இந்நாட்டில் இரு பாதைகள் உள. முதலாவது, 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வகுத்த பாதை. வேலையினின்று எழுந்து, வேலையின் போக்கிலே நிகழ்ந்த விபத்தாயின், வேலைகொள்வோன் நட்டஈடு கொடுத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. வேலைகொள்வோன் கவலையீனமாய் இருந்தான் என்று காட்டவேண்டியதில்லை. கொந்தராத்துக்காரருக்குக் கீழ் மற்றொரு கொந்தராத்துக்காரரும், அவருக்குக் கீழ் ஒரு மேசன் பாஸும் என அடுக்கடுக்காய் ஆட்கள் நிற்கும் கட்டடத் தொழிலில், தன் தொழிலின் பகுதியைப் பிறரிடம் ஒப்படைத்த தலைமைக் கொந்தராத்துக்காரரையும் இச்சட்டம் பொறுப்பாளியாக்குகின்றது. தொகை சம்பளத்தையும் சட்டத்தின் அட்டவணையையும் ஒட்டிக் கணிக்கப்படும். அதன் உச்ச எல்லை 2005 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 550,000 ரூபாவாகவும், 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 20 இலட்சம் ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. வேலைக்குச் செல்லும் வழியிலும் மீளும் வழியிலும் நிகழும் விபத்துக்களும் 2022 ஆம் ஆண்டிலேயே இச்சட்டத்துள் அடக்கப்பட்டன.

இரண்டாவது பாதை உரோமன் டச்சுச் சட்டத்தினின்று வந்தது. பிறனது கவலையீனத்தால் ஒருவன் இறந்தால், அவனுழைப்பால் வாழ்ந்த மனைவியும் மக்களும் இழந்த ஆதரவுக்கு ஈடு கோரலாம் என்பது அச்சட்டத்தின் கொள்கை. 17 ஆம் நூற்றாண்டிலேயே குரோசியசு என்னும் ஒல்லாந்த அறிஞர் இதனைத் தம் நூலில் வகுத்துரைத்தார். இங்கிலாந்திலோ, மனித மரணம் நட்டஈட்டுக்குரிய தீங்காகாது என 1808 இல் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார். 1846 இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றும்வரை அந்நிலை நீடித்தது. காலொடிந்தவன் ஈடு பெறலாம், உயிரிழந்தவன் வீட்டார் பெறலாகாது என்ற விந்தையான நிலை அது. அவ்வகையில் நமக்குக் கிடைத்த மரபு சிறந்ததே. ஆயின் இப்பாதையிற் செல்வோன் எதிராளியின் கவலையீனத்தைச் சான்று காட்டி நிலைநாட்டல் வேண்டும். இறந்தோன் பக்கத்திலும் தவறு இருந்ததாயின் 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி தொகை அதற்கேற்பக் குறையும். 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இத்தகைய வழக்கைத் தொடுப்பதற்கு இரண்டு ஆண்டுகளே தருகின்றது. ஒரே விபத்துக்காக இரு பாதையிலும் சென்று இருமுறை ஈடு பெறுதல் இயலாது என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது.

இரு பாதைகளுக்குமுள்ள வேறுபாட்டைக் கண்டியில் நிகழ்ந்த ஒரு பேரிடர் தெளிவாக்கும். 2020 செப்ரெம்பர் 20 ஆந் திகதி அதிகாலையில் பூவெலிகடையில் ஐந்து மாடிக் கட்டடமொன்று தாழிறங்கி, பக்கத்து வீட்டின்மேற் சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த தந்தையும் தாயும், பிறந்து இரு மாதங்கூட நிரம்பாத குழந்தையும் மாண்டனர். இறந்தோர் அக்கட்டடத்தில் வேலை செய்தோரல்லர். ஆதலின் இத்தகைய நிகழ்ச்சியில் உறவினர்க்கு வேலையாள் நட்டஈட்டுப் பாதை திறவாது. இரண்டாம் பாதை ஒன்றே எஞ்சும். அங்கே நிலத்தின் இயல்பு, அத்திவாரத்தின் ஆழம், வரைபடத்துக்கு மாநகர சபை அளித்த அனுமதி, அவ்வனுமதிக்கு மேலாகக் கட்டப்பட்டது யாது என்பனவெல்லாம் ஆராயப்படும். இவற்றை ஓர் ஏழைக் குடும்பம் தானே ஆராய்ந்து காட்டுதல் எளிதாமோ?

இங்கேதான் பணம் என்னும் வினா எழுகின்றது. வழக்குச் செலவு என்றவுடன் சட்டத்தரணியின் கட்டணத்தையே பலர் எண்ணுவர். உண்மையிற் செலவு மூவகைப்படும். சட்டத்தரணிக்கும் முத்திரைக்கும் ஆவன முதல்வகை. பொறியியலாளர், நிலநூல் வல்லுநர் ஆகியோரின் ஆய்வுக்கும் சாட்சிகளின் பயணத்துக்கும் ஆவன இரண்டாம் வகை. வழக்கு முடியும்வரை உயிர்வாழ்வதற்கு ஆவன மூன்றாம் வகை. மூன்றாவதே யாவற்றினும் பெரிது. தவணைமேல் தவணையாகச் செல்லும் வழக்கில், அரிசியும் பள்ளிக்கூடக் கொப்பியும் தவணைக்குக் காத்திரா. எதிராளிக்குக் காலம் கடத்துதல் ஒரு செலவன்று. விதவைக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு கடன். ஆதலின் வலியோன் தாமதத்தைப் படைக்கலமாகக் கொள்கின்றான். மெலியோன் கிடைத்ததைப் பெற்றுக் கையொப்பமிடுகின்றான். உரிமை இல்லாமையால் அன்று, காத்திருக்க இயலாமையால் ஏழை தோற்கின்றான். வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்னும் நம்மவர் பழமொழி இவ்வனுபவத்தினின்றே பிறந்திருத்தல் வேண்டும்.

எனவே வழக்குக்குப் பணங்கொடுப்போன் உண்மையில் விற்பது காலத்தையே எனலாம். அப்பண்டத்தின் விலை யாது என்பதே கேள்வி.

பிறர் வழக்குக்குப் பணங்கொடுத்து, வெற்றியிற் பங்கு கொள்ளுதல் புதுவதன்று. இங்கிலாந்தில் இடைக்காலந் தொட்டே இது குற்றமாகக் கருதப்பட்டது. பெருநிலக்கிழார் பிறருடைய வழக்குகளை விலைக்கு வாங்கி நீதிமன்றங்களை மிரட்டியதே அதற்குக் காரணம். 1967 ஆம் ஆண்டுச் சட்டமே அதனைக் குற்றப் பட்டியலினின்று நீக்கியது. இந்தியாவின் நிலை வேறு. 1876 இல் கல்கத்தாவினின்று கோமறைக் கழகத்துக்குச் சென்ற வழக்கொன்றில், இங்கிலாந்தின் அத்தடை இந்தியாவுக்குப் பொருந்தாது என்றும், வழக்காடப் பொருளில்லாதவனுக்கு நேர்மையான முறையிற் பணமுதவி விளைவிற் பங்கு கொள்ளுதல் தன்னளவில் தகாததன்று என்றும், ஆயின் அது கொள்ளையாகவோ சூதாட்டமாகவோ அமையின் நீதிமன்று அதனை ஏற்கலாகாது என்றும் தீர்க்கப்பட்டது. நம்மைப் போன்று உரோமன் டச்சுச் சட்டத்தை மரபாகக் கொண்ட தென்னாபிரிக்காவின் மேன்முறையீட்டு உயர் மன்றும் 2004 இல் இதையொத்த முடிவுக்கே வந்தது. வழக்கு வென்றாற் கட்டணம் என்னும் முறையில் சட்டத்தரணிகள் பெறும் பங்கு, வென்ற தொகையின் நூற்றுக்கு 25 ஐக் கடவாதென அந்நாடு 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வரம்பும் கட்டியது.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ, விபத்து வழக்குகளுக்கு முற்பணங் கொடுத்தல் ஒரு வணிகமாகவே வளர்ந்தது. வழக்குத் தோற்றால் ஒன்றுந் திருப்பவேண்டியதில்லை. வென்றால் முதலும் அதற்குரிய கட்டணமுஞ் சேர்த்து வென்ற தொகையினின்று முதலிற் கழிக்கப்படும். கேட்பதற்கு இனிதாகவே உளது. ஒகாயோ மாநிலத்தின் உயர் நீதிமன்று 2003 இல் விசாரித்த ஒரு வழக்கின் கணக்கைப் பார்ப்போம். விபத்தில் அடிபட்ட ஒரு பெண்ணுக்கு 6,000 டொலர் முற்பணம் கொடுக்கப்பட்டது. வழக்கு ஓராண்டுள் முடிந்தால் அவள் 16,800 டொலரும், ஒன்றரை ஆண்டில் முடிந்தால் 22,200 டொலரும், ஈராண்டில் முடிந்தால் 27,600 டொலரும் கொடுத்தல் வேண்டும். ஈராண்டுக் கெடுவில் முதல் நாலரை மடங்குக்கு மேலாகின்றது! அம்மன்று இவ்வொப்பந்தம் செல்லாதெனத் தீர்த்தது. ஆயினும் சில ஆண்டுகளுள் அம்மாநிலச் சட்டமன்றம் இத்தகைய முற்பணத்தை நிபந்தனைகளோடு அனுமதித்துவிட்டது. தேவை இருக்கும்வரை தடை மாத்திரம் போதாது என்பதற்கு இது சான்று.

இவ்விடத்தே நம் முன்னோர் கண்ட ஒரு விதியை நினைத்தல் தகும். கடன் எத்துணைக் காலம் நிலுவையில் நிற்பினும், ஒருங்கே தண்டும் வட்டி முதலின் அளவைக் கடத்தலாகாது என மனு முதலிய தருமநூலார் விதித்தனர். தாம்துபட் என வழங்கும் இவ்விருமடங்கு விதியைப் பிரித்தானியராட்சியிற் பம்பாய் நீதிமன்றங்கள் இந்துக்களுக்கிடையே ஏற்று நடத்தின. வியப்பு யாதெனின், இந்துக்களோடு தொடர்பில்லாத உரோமன் டச்சு நீதிநூலாரும் இதே விதியைக் கொண்டமையே. அவர்கள்வழி அது இலங்கைச் சட்டத்திலும் இடம்பெற்றது. அளவற்ற வட்டி வாங்கிய கணக்கை நீதிமன்று மீளத் திறந்து பார்க்கலாம் என்னும் ஏற்பாட்டை 1918 ஆம் ஆண்டின் கடன் கொடுத்தற் கட்டளைச் சட்டமும் தந்தது. வழக்கு முற்பணம் கொடுப்போர், தாம் கொடுப்பது கடனன்று, வழக்கின் ஒரு பங்கை விலைக்கு வாங்குதலே என்று சொல்லி இவ்வேலியைத் தாண்ட முயல்வர். பெயரை மாற்றினும் பொருள் மாறாது. துன்புற்றோனுக்குக் கொடுத்த பணம் இருமடங்கைக் கடந்து திரும்புமாயின் அதனை உதவி எனல் பொருந்தாது.

நம்மூரில் இத்தகைய வணிகம் வேரூன்றவில்லை. ஆயினும் வேறு பெயரில் அதனைக் காண்கின்றோம். நாள்தோறும் வட்டி ஏறும் மீற்றர் வட்டிக் கடன், அடகுக் கடைக்குப் போகும் தாலிக்கொடி, வழக்கு முடிந்ததும் இவ்வளவு தருகின்றேன் என எழுதிக் கொடுக்கும் நோட்டு ஆகியன அவ்வினத்தனவே. கொந்தராத்துக்காரர் கொடுக்கும் சொற்பத் தொகையும் ஒருவகையில் முற்பணமே; வழக்கு முழுவதையும் ஒரே நாளில் விலைக்கு வாங்கும் முற்பணம்.

இவற்றையெல்லாம் 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தை வரைந்தோர் முன்கூட்டியே அறிந்திருந்தனர் போலும். அச்சட்டப்படி பெறும் நட்டஈட்டைப் பிறர்க்கு எழுதிக் கொடுத்தலோ, ஈடு வைத்தலோ, கடனுக்காகக் கைப்பற்றுதலோ கூடாது. நட்டஈட்டுரிமையைத் துறப்பதாகத் தொழிலாளி செய்யும் உடன்படிக்கை செல்லாது. மரணம் நேர்ந்தவிடத்து வேலைகொள்வோன் நட்டஈட்டை ஆணையாளரிடத்தே வைப்பிலிடல் வேண்டும். அவரே சார்ந்திருப்போரை விசாரித்துப் பங்கிடுவார். வீட்டு வாசலிற் கொடுத்த ஐம்பதினாயிரத்தால் அப்பொறுப்புத் தீராது. யான் சாட்சியிட்ட கடதாசி பெறுமதியற்றது என்று மேலே கூறியதன் காரணம் இதுவே. ஆகவே தொழிலாளியின் குடும்பம் முதலிற் செல்லத்தக்க பாதை இது. இங்கே செலவு குறைவு. கவலையீனத்தைக் காட்டும் சுமையும் இல்லை. வட்டிக்காரன் கைவைக்கவும் இயலாது.

எப்பாதையிற் செல்லினும் முதற் சில நாட்களிற் செய்யத்தக்கன சில உள. அவற்றுக்குப் பணம் மிக வேண்டியதில்லை, விழிப்பே வேண்டும். பொலிசில் முறைப்பாடு பதிதல் வேண்டும். திடீர் மரண விசாரணையிலே, இறந்தவர் யாரிடம் வேலை செய்தார், என்ன வேலை செய்யும்போது இறந்தார் என்பன தெளிவாகச் சொல்லப்படல் வேண்டும். கூடவேலை செய்தோரின் பெயரும் ஊரும் குறித்து வைக்கப்படல் வேண்டும்; கட்டட வேலையாட்கள் அடுத்த மாதம் வேறூரில் இருப்பர். வெட்டிய மண்மேட்டையும் சாரத்தையும் படம் பிடித்தல் நன்று. ஒரு வாரத்துள் அவை அகற்றப்பட்டுவிடும். சம்பளங் கொடுத்த துண்டு, கொப்பியிலுள்ள கணக்கு, கையடக்கத் தொலைபேசியிலுள்ள செய்தி ஆகிய எதனையும் எறிந்துவிடலாகாது. விளங்காத கடதாசியிற் கையொப்பமிடலாகாது. விளங்கிய கடதாசியாயினும் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டாது இடலாகாது.

இனி, பொதுப்பணத்தால் வரும் உதவிகளைக் கூறுவாம். 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, வறியவனாக வழக்காட அனுமதி கோரும் வழியை ஓர் அத்தியாயத்தில் வகுத்தது. 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் சட்ட உதவி ஆணைக்குழு நிறுவப்பட்டது. வருமானங் குறைந்தோர்க்குச் சட்டத்தரணியை அமர்த்தித் தருதல் அதன் பணி; கண்டியிலும் அதற்கு நிலையம் உண்டு. முதல்வகைச் செலவு இவற்றால் தணியும். இரண்டாவதும் மூன்றாவதுமாகிய ஆய்வுச் செலவும் உணவுச் செலவும் எஞ்சி நிற்கின்றன. அவற்றுக்கு வழியாது?

பிறநாடுகள் இரண்டு விடை தருகின்றன. வங்காள தேசத்திலே 2013 ஏப்பிரில் 24 ஆந் திகதி ரானா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். தனித்தனியே வழக்காடியிருப்பின் அக்குடும்பங்கள் எத்தனை ஆண்டு காத்திருக்க நேர்ந்திருக்குமோ! சர்வதேசத் தொழில் நிறுவனத்தின் மேற்பார்வையில் ஒரு பொதுநிதி அமைக்கப்பட்டது. இலக்காகிய 3 கோடி டொலர் 2015 யூன் மாதத்தில் நிறைவுற்றது. நிதி திரட்டவே ஈராண்டு சென்றதெனினும், சார்ந்தோர் ஒவ்வொருவருக்கும் ஒரே அளவுகோலாற் கணித்துக் கொடுக்கப்பட்டது; வழக்கு வணிகர் எவரும் நடுவே புகவில்லை. இந்தியாவோ விபத்துக்கு முன்பே நிதி திரட்டும் வழியைக் கண்டது. 1996 இல் இயற்றிய சட்டங்களால், கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை வரியாகப் பெற்று, கட்டடத் தொழிலாளர் நலனுக்குச் செலவிடும் முறை வகுக்கப்பட்டது. 2020 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அவ்வரியை மேற்கொண்டது.

இம்முறை நமக்கு அந்நியமானதன்று. நம் வணிகர் விற்பனை தோறும் ஒரு சிறு பங்கை ஒதுக்கிக் கோயிலுக்கும் அறத்துக்கும் வழங்கிய மகமை என்னும் வழக்கம் யாவரும் அறிந்ததே. மூடை ஒன்றுக்குச் சில சதம் கொடுத்தவன் ஏழையாகவில்லை. சேர்ந்த சதங்களோ மடமும் பாடசாலையும் ஆயின. தோட்டங்களிலும் கிராமங்களிலும் இயங்கும் மரணாதாரச் சங்கங்களும் இவ்வினத்தனவே. மாதச் சந்தாவாற் பந்தலுக்கும் பெட்டிக்கும் ஆவன செய்யும் அச்சங்கங்கள் எட்டாம் நாளோடு தம் கடமை முடிந்ததெனக் கொள்கின்றன. எட்டாம் நாளுக்குப் பின்னரே விதவைக்கு உண்மையான தேவை தொடங்குகின்றது.

கண்டியிலும் அயலிலும் கட்டடம் எழுப்புவோர், கொந்தராத்துக்காரர், கட்டடப் பொருள் வணிகர் ஆகியோர் செலவில் ஒரு சிறுபங்கை மகமையாக ஒதுக்குவாராயின், விபத்துற்ற குடும்பத்துக்கு வழக்கு முடியும்வரை மாதந்தோறும் உணவுப்பணமும், ஆய்வாளர் கட்டணமும் முற்பணமாகக் கொடுக்கலாம். வென்றால் கொடுத்த முதலை மாத்திரம் திருப்பிப் பெறலாம். தோற்றால் அறக்கணக்கில் எழுதலாம். வட்டி வேண்டா, பங்கும் வேண்டா. வழக்கை நடத்துவதா, சமாதானஞ் செய்வதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை குடும்பத்திடமே இருத்தல் வேண்டும். கணக்கு ஆண்டுதோறும் வெளியிடப்படல் வேண்டும். இதற்குச் சட்டசபையைக் காத்திருக்கவேண்டியதில்லை. மரணாதாரச் சங்கமொன்று தன் விதிகளில் ஒரு வாசகத்தைச் சேர்ப்பதோடு தொடங்கலாம்.

கடன் வாங்கியே தீரவேண்டிய நிலையில் உள்ளோர் மூன்று வினாக்களைக் கேட்டல் நலம்: வழக்குத் தோற்றால் யான் திருப்புவது யாது? வழக்கு ஐந்தாண்டு நீடித்தால் மொத்தத் தொகை எவ்வளவு? சமாதானத்துக்கு இணங்குவது என் விருப்பமா, உமது விருப்பமா? இம்மூன்றுக்கும் எழுத்தில் விடை தராதவனிடம் பணம் பெறலாகாது.

என் மாணவன் உயர்தரம் கற்கவில்லை. அவனும் இன்று கட்டட வேலையே செய்கின்றான். சென்ற ஆண்டு பேராதனை வீதியில் அவனைக் கண்டேன். உடுப்பெல்லாம் சீமெந்துத் தூள். தந்தை இறந்த நாளைப்பற்றி அவன் ஒன்றுங் கூறவில்லை, யானும் கேட்கவில்லை. அவனோடு வேலை செய்யும் ஒருவருக்குக் கையில் அடிபட்டிருப்பதாகவும், கொந்தராத்துக்காரர் ஒரு கடதாசி கொண்டுவந்திருப்பதாகவும் சொல்லி, "சேர், அதை ஒருக்கா வாசித்துப் பார்ப்பீர்களா?" என்று கேட்டான். இம்முறை யான் சாட்சியிடவில்லை. இருவரையும் சட்ட உதவி நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன்.